ஆறு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எந்நேரமும் இன்ச் டேப் தொங்கும். கடைக்குப் போனாலும் தொங்கும், கல்யாணத்துக்குப் போனால் மட்டும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். ஜன்னல் திரைகளும் சோஃபா உறைகளும் தைப்பது அவள் தொழில். வீடு வீடாகப் போய் அளவெடுப்பாள், வெட்டுவாள், தைப்பாள், பிறகு ஸ்டூலில் ஏறித் தானே கம்பியில் மாட்டிவிட்டு வருவாள். "அரை இன்ச் முன்னே பின்னே இருந்தா யாரு பார்க்கப் போறா?" என்று கேட்கும் வீட்டுக்காரர்களிடம், "நான் பார்ப்பேன்ல" என்பாள்.

அவள் கணவருக்கு டிரைவர் என்று பெயர். இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். நாற்பத்தாறாவது வயதில் கண்ணில் அழுத்தம் கூடி, முதலில் ஓரங்கள் மறைந்தன. பிறகு நடுவும் போயிற்று. ஒரு வருடத்துக்குள் முழு இருட்டு. பணிமனை அவரைக் கைவிட்டுவிடவில்லை. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே போகும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். எல்லா வழித்தடங்களும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம் என்பதால் அந்த வேலையில் அவரை அசைக்க ஆளில்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டரையும் அங்கேதான் பழகினார். விரல்கள் கீபோர்டில் ஓடப் பழகியதும் வீட்டுக்கும் ஒன்று வாங்கினார்கள்.

அதில் படம் போட்டுக் கேட்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால் மானிட்டரோடு வந்த பொடி ஸ்பீக்கர்கள் இரண்டும் தகர டப்பாவைத் தட்டுவது போலப் பாடின.

ஒருநாள் படம் பாதியில் ஓடிக்கொண்டிருக்க, அவர் நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் அக்கா, தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல்.

"நாலு பேரு சண்டை போடுறாங்க. நாலு பேரும் ஒரே டப்பாவுக்குள்ள உட்கார்ந்து சண்டை போடுறாங்க. எவன் எவனை அடிக்கிறான்னு தெரியல. நீ இந்தப் பக்கம் சொல்லச் சொல்ல அவன் அடி வாங்கி முடிச்சிடுறான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதமாக அவர் படம் எதுவும் போடவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

அந்த மாதத்தில்தான் ஒரு பெரிய வீட்டில் திரை மாட்டும் வேலை வந்தது. ஸ்டூலில் நின்று கொக்கிகளைக் கோர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுப் பிள்ளைகள் கீழே டி.வி.யில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கார் சர்ரென்று போயிற்று. பதறித் திரும்பியதில் ஸ்டூல் ஆடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தப்பினாள். பின்னால் வெறும் சுவர். சுவரில் கைக்கடக்கமான ஒரு ஸ்பீக்கர்.

கொக்கிகளைக் கோர்த்து முடிப்பதற்குள் அவள் முடிவெடுத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே ஐந்து சின்ன ஸ்பீக்கர், தாழ்ந்த சத்தத்துக்கென்று கனமான ஒரு பேஸ் பெட்டி, பாம்புக்குட்டிகள் போலச் சுருண்ட வயர்கள். டிரைவர் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "இவ்வளவு எதுக்கு? எனக்கு இருக்கறது ரெண்டு காதுதானே" என்றார். ஆனால் பெட்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

மாட்டித்தர ஆள் இருந்தார். டிரைவரின் தம்பி. சின்ன வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் போட்டதால் அவருக்கு ரேடியோ என்றே பெயர் வந்தது. ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் பேசுவார் என்பதால் அந்தப் பெயர் நிலைத்தது. வந்தார், பார்த்தார், தேநீர் குடித்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வந்து போட்டுத் தர்றேன் அண்ணி. ரொம்ப ஈஸி. பின்னால போற வயரைத் தரை விரிப்புக்கு அடியில விட்டா முடிஞ்சுது."

"விரிப்புக்கு அடியிலயா? மேடு தட்டுமே தம்பி. உங்க அண்ணன் காலு தடுக்கும்."

"தட்டாது அண்ணி. நீங்க ஏன் இதுல மண்டையைப் போட்டு உடைச்சுக்கிறீங்க? இது நம்ம டிபார்ட்மெண்ட்."

அந்த ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறு அவருக்கு ஒரு விசேஷம். அதற்கடுத்த ஞாயிறு பல்வலி. பெட்டி அறை மூலையில் குந்தியிருந்தது. டிரைவர் இரண்டு முறை அதில் முழங்காலை இடித்துக்கொண்டார். இரண்டாவது முறை இடித்தபோது அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

சனிக்கிழமை காலை. டிரைவரைப் பணிமனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வந்திருந்த தையல் வேலையை ஓரமாக ஒதுக்கினாள். டேப்பைக் கையில் எடுத்தாள்.

அந்த அறை அவளுக்கு உள்ளங்கை போல. முன்சுவர் ஓரம் கம்ப்யூட்டர் மேசை. இடது சுவரில் ஜன்னல். பின்சுவரில் அவளுடைய தையல் மெஷின், அதற்கு மேலே நூல்கண்டுப் பலகை. வலது சுவரில் கதவு. கதவிலிருந்து மேசை வரைக்கும் டிரைவர் நடக்கும் பாதை. அந்தப் பாதையில் ஒரு குண்டூசி கூடக் கிடக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆகவே வயர் தரையில் வராது. கதவுப் பக்கமும் வராது. முன்னாலிருந்து பின்னால் போக ஒரே வழி ஜன்னல் பக்கச் சுவர்தான். ஜன்னலுக்கு மேலே யார் இருக்கிறார்? அவள் தைத்த திரை இருக்கிறது.

அதற்குப் பிறகு அவளுக்குச் சந்தேகமே இல்லை. மேசையிலிருந்து சுவரோரமாக ஏறி, திரைக் கம்பியின் பின்னால் ஓடி, மூலையில் திரும்பி, பலகைக்கு அடியில் போனால் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேரலாம். அளந்தாள். இடது ஸ்பீக்கருக்குப் பதினெட்டு அடி, வலது ஸ்பீக்கருக்கு இருபத்தேழு அடி. பெட்டியோடு வந்த வயர் இரண்டுக்குமே எட்டவில்லை. கடைக்குப் போய் அதே முனை வைத்த நீட்டிப்பு வயர் கேட்டு வாங்கி வந்தாள். கடைக்காரர், "யாருக்கு வேணும், அவரையே வரச் சொல்லுங்க அக்கா, அளவு தப்பாயிடப் போகுது" என்றார். அவள் கழுத்திலிருந்த டேப்பை அவர் கவனிக்கவில்லை போலும்.

சுவர் நிறத்துக்குப் பொருத்தமாக ஒரு லைனிங் துணி மிச்சமிருந்தது. அதை நீள நீளமாக வெட்டி, ஓரம் மடித்து, பாவாடைக்கு நாடா கோர்க்கப் பட்டி தைப்பது போலத் தைத்தாள். அந்தப் பட்டிக்குள் ஊக்கில் கட்டி வயரைக் கோர்த்துப் பார்த்தாள். பாதி தூரத்தில் முனை மாட்டிக்கொண்டது. முனை தடிமன், பட்டி ஒடுக்கம். தைத்ததை எல்லாம் பிரித்தாள். பிரிப்பது அவளுக்குப் பழக்கம்தான், ஆனாலும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டேதான் பிரித்தாள். இந்த முறை பட்டியைத் திறந்த வாயாக விட்டு, நெடுக ஒட்டுப்பட்டி வைத்துத் தைத்தாள். வயரை உள்ளே படுக்க வைத்து அமுக்கினால் மூடிக்கொள்ளும். நாளைக்கு வயர் கெட்டாலும் ஒரே இழுப்பில் திறக்கலாம்.

ஸ்டூலில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மத்தியானத்துக்குள் இரண்டு வயரும் சுவரோடு சுவராகிவிட்டன. கீழே நின்று பார்த்தாள். திரைக்கு மேலே அழகாக ஒரு கரை வைத்தது போல இருந்தது.

நாற்காலிதான் பாக்கி. இத்தனை நாளும் அது மேசையோடு ஒட்டியிருந்தது. ஐந்து ஸ்பீக்கருக்கும் நடுவில் ஆள் உட்கார வேண்டும் என்றால் நாற்காலி மூன்றடி பின்னால் வர வேண்டும். கண் தெரியாதவர் வீட்டில் நாற்காலியை நகர்த்துவது லேசான காரியம் இல்லை. அது நின்ற இடம் அவருக்கு ஒரு மைல்கல். அவர் உடம்புக்குத் தெரிந்த கணக்கை அவள் மாற்றப் போகிறாள். வெகுநேரம் யோசித்து, தடித்த துணியில் நாற்காலி அளவுக்கு ஒரு விரிப்பு தைத்தாள். விளிம்பைச் சுற்றிக் கயிறு வைத்து உருட்டித் தைத்தாள். பாதத்தில் படும், ஆனால் தடுக்காது. தானே கண்ணை மூடிக்கொண்டு கதவிலிருந்து நான்கு முறை நடந்து பார்த்தாள்.

சாயங்காலம் டிரைவர் வந்தார். வாசலிலேயே நிறுத்தினாள்.

"கொஞ்சம் நில்லுங்க. நாற்காலி இடம் மாறியிருக்கு. கதவிலேர்ந்து நேரா நாலு எட்டு. கால்ல மேடு தட்டும். அங்க உட்காருங்க."

"கேட்காம மாத்திட்டியா?" குரலில் கொஞ்சம் விறைப்பு இருந்தது.

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க. நடந்து பாருங்க. பிடிக்கலைன்னா இப்பவே பழைய இடத்துல போட்டுடறேன்."

அவர் நடந்தார். நான்காவது எட்டில் பாதம் கயிற்று விளிம்பைத் தொட்டது. கட்டைவிரலால் அதைச் சுற்றிலும் ஒரு முறை வருடிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். கீபோர்டை மடியில் வைத்துக்கொள்ள அவள் ஒரு பலகையும் தயாராக வைத்திருந்தாள். "ம்" என்றார். அந்த ம் போதும் அவளுக்கு.

ஆனால் சத்தம் முன்னால் இரண்டு ஸ்பீக்கரில்தான் வந்தது. பின்னால் மூச்சே இல்லை. பேஸ் பெட்டியிலிருந்து வந்த வயர்களில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று முனைகள். கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த ஓட்டைகளோ பச்சை, நீலம், ரோஸ். பச்சை மட்டும்தான் ஜோடி சேர்ந்தது. கலர் பொருத்திப் பொருத்தியே வயிறு வளர்த்தவளுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. கடைக்காரருக்கு ஃபோன் போட்டாள்.

"கறுப்பை நீலத்துல போடுங்க, ஆரஞ்சை ரோஸ்ல போடுங்க அக்கா. அப்புறம் கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ் உள்ள போய் ஆறு ஸ்பீக்கர்னு மாத்தணும். அது உங்களுக்கு வராது, ஆள் அனுப்பறேன்."

"ஆள் இங்கேயே இருக்காரு" என்று ஃபோனை வைத்தாள்.

டிரைவரின் விரல்கள் ஓடின. கம்ப்யூட்டர் கடகடவென்று படித்துக்கொண்டே போயிற்று. அவள் காதுக்கு அது ஏதோ கோழி கொத்துவது போல இருந்தது, அவர் அதில் ஒவ்வொரு சொல்லையும் பிடித்தார். கீழே போனார், மேலே வந்தார், ஒரு இடத்தில் நின்று எண்டர் தட்டினார்.

"ஆறு ஸ்பீக்கர்னு சொல்லுது. சோதனைன்னு ஒண்ணு இருக்கு. போடட்டா?"

"போடுங்க. திரையில எது மின்னுதோ அதை நான் சொல்றேன். எங்கேர்ந்து கேட்குதுன்னு நீங்க கையைக் காட்டுங்க."

முன்னால் இடது. அவர் கை இடது பக்கம் போயிற்று. முன்னால் வலது. சரி. நடு ஸ்பீக்கர் என்று திரையில் மின்னியது. மேசைக்கடியில் பேஸ் பெட்டி தொம்மென்று உறுமியது.

"நடுவுல பேசவேண்டியவன் கிணத்துல விழுந்துட்டான்" என்றார் டிரைவர். மறுபடி கோழி கொத்தியது. தேடித் தேடி, நடுவையும் பேஸையும் இடம் மாற்றுவதற்கு ஒரு குறி இருப்பதைக் கண்டுபிடித்துத் தட்டினார். இப்போது சத்தம் நடுவில் நின்றது.

"பின்னால வலது" என்றாள்.

அவர் கை இடது தோளுக்குப் பின்னால் போயிற்று.

"வலதுங்க."

"நீ வலதுன்னு படிக்கிற. எனக்கு இடது காதுக்குப் பின்னாலதான் கேட்குது. வயரை மாத்திச் சொருகியிருக்க."

"மாத்தியெல்லாம் சொருகல. அளந்து வச்சிருக்கேன்."

"அளவு சரியாத்தான் இருக்கும். சொருகுனது தப்பு."

அவள் முறைத்தாள். அவருக்கு அது தெரியாது என்பதால் சத்தமாக ஒரு பெருமூச்சும் விட்டாள். பிறகு குனிந்து பார்த்தாள். பேஸ் பெட்டியின் பின்னால் இரண்டு வயரும் இடம் மாறித்தான் இருந்தன. ஒரே பட்டிக்குள் இரண்டையும் சேர்த்துப் படுக்க வைத்தபோது எது எது என்று மாறிவிட்டது. மாற்றிச் சொருகினாள். கையோடு இரண்டு முனையிலும் சிவப்பு நூல் ஒன்று, வெள்ளை நூல் ஒன்று கட்டினாள்.

"இப்போ?"

கை வலது தோளுக்குப் பின்னால் போயிற்று.

அன்று பாதியில் நிறுத்திய படத்தைப் போட்டார். சண்டைக் காட்சியில் யாரோ இடது பக்கம் விழுந்தான், யாரோ பின்னால் ஓடினான். டிரைவரின் முகம் அந்தந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. அவள் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

பிறகு ஒரு மலைப்பாதைக் காட்சி. பின்னால் இடது மூலையில் ஒரு பேருந்து முனக ஆரம்பித்தது. முனகல் நெருங்கி, தோளை உரசிக்கொண்டு, முன்னால் வலது பக்கமாக ஏறிப் போயிற்று. டிரைவரின் இடது கை தானாக எழுந்து கியரைத் தேடியது.

"மூணாவதுல ஏத்துறான் மடையன். ரெண்டுக்கு இறங்கணும். இன்ஜின் கெஞ்சுது பாரு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மறுபடி போடறேன்" என்று பின்னால் தள்ளி அதையே போட்டார். மூன்று முறை போட்டார். பிறகு கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "வண்டியில எனக்கு மூணு கண்ணாடி. ரெண்டு பக்கமும் ஒண்ணு, தலைக்கு மேல ஒண்ணு. முன்னால பார்க்கறதைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். பின்னால யாரு வர்றான்னு தெரிஞ்சாதான் டிரைவரு. கண்ணு போன பிறகு என் பின்பக்கம் ஒண்ணுமே இல்லாமப் போச்சு. நீ ரெண்டு கண்ணாடியத் திருப்பி மாட்டிட்ட."

அக்கா தையல் மெஷின் பக்கம் போய், இல்லாத நூலை நறுக்கினாள். பிறகு, "அந்த வலது பக்கத்தை அரை இன்ச் ஏத்தணும், கோணலா இருக்கு" என்றாள்.

மறுநாள் ரேடியோ வந்தார், துளையிடும் கருவியோடு. நான்காவது ஞாயிறு. அறைக்குள் வந்தவர் சுற்றிலும் பார்த்தார்.

"யாரு அண்ணி போட்டது?"

"உட்காருங்க தம்பி. காபி கொண்டு வர்றேன்."

அவர் உட்காரவில்லை. விரிப்பைத் தூக்கிப் பார்த்தார், மேசைக்கடியில் தவழ்ந்தார், வயர் எங்கே போகிறது என்று சுவரைத் தடவிக்கொண்டே போனார். ஜன்னலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். "ஒயர்லெஸ்ஸா?" என்று கேட்டார். டிரைவர் நாற்காலியிலிருந்து சிரித்த சிரிப்பில் காபி தளும்பியது. அக்கா ஸ்டூலில் ஏறித் திரைக்கு மேலிருந்த கரையில் ஒரு ஜாணைப் பிரித்துக் காட்டினாள். ரேடியோ அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அவர் வாய் மூடியிருந்ததை அவர்கள் இருவரும் அபூர்வமாகவே பார்த்திருந்தார்கள்.

ஆனாலும் கேட்டுப் பார்த்துவிட்டு அவரும் ஒரு நல்ல யோசனை சொன்னார். பின்னால் இருப்பவை காதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும், சத்தமும் முன்னால் இருப்பதைவிட ஒரு பிடி குறைவாக இருக்க வேண்டும் என்றார். வைத்துப் பார்த்தார்கள். உண்மைதான். கொண்டுவந்த கருவி வீணாகாமல் இரண்டு துளை போட்டு ஆணி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பெரிய கால்பந்துப் போட்டி ஒன்று. மத்தியானம் பணிமனை நண்பர்கள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் பழைய ஓட்டுநர்கள், பெருத்த குரல்காரர்கள். ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பக்கம்தான் கேட்கும் என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நடு நாற்காலியில் டிரைவர், மகாராஜா மாதிரி. ஆட்டம் தொடங்கியதும் மைதானத்துக் கூட்டம் அறையின் பின்சுவரிலிருந்து ஆர்ப்பரித்தது. நான்கு பேரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்ல, ஜனங்க. நீங்க முன்னால பாருங்க" என்றார் டிரைவர். பந்து எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கத்துக் கூட்டம் எழுந்து நிற்கிறது என்று அவர்களுக்கு முன்பே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் மூத்த ஓட்டுநர் கேட்டார். "கம்பெனியிலேர்ந்து ஆள் வந்து மாட்டினாங்களா?"

டிரைவர் அவள் நிற்கும் பக்கம் சரியாக முகத்தைத் திருப்பினார். "அவகிட்டயே கேளுங்க."

யாராவது அவள் வேலையைப் பாராட்டினால், "ஏதோ, ஆச்சுங்க" என்று சொல்லி டேப்பைச் சுருட்டுவதுதான் அவள் வழக்கம். இன்று அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நான்தான் அண்ணே. அளந்தது, தைச்சது, மாட்டினது எல்லாம் நான். கம்ப்யூட்டருக்குள்ள போனது அவரு."

"நீயா தங்கச்சி? வயரைக் காணோமே?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தாள். எத்தனை அடி, எந்தத் துணி, முதலில் தைத்த பட்டியை ஏன் பிரிக்க வேண்டி வந்தது என்று ஒன்றையும் விடவில்லை. மூத்தவர் தானும் ஸ்டூலில் ஏறி ஒட்டுப்பட்டியைப் பிரித்து மூடிப் பார்த்தார். இன்னொருவர் கயிற்று விளிம்பில் கால் வைத்துப் பார்த்தார். தன் வீட்டிலும் வயதான அப்பாவுக்குக் கட்டிலோரம் இப்படி ஒன்று வேண்டும் என்று அளவு சொல்லத் தொடங்கினார். அவள் கணவர் பெருமை தாங்காமல் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் வரைக்கும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் அவளை நிறுத்தவில்லை.